அந்நிய பாஷை என்று நினைத்த குளறல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இந்தச் சாட்சியைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தை எடுத்துவிட்டால் இதில் சாட்சியே இல்லை.

நாங்கள் ஏற்காட்டு மலையில் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறோம். என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி. போன தை மாதம், காப்பிப் பழம் பறிப்பு முடிகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். இவர் காலையில் சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டார். ஆனால் உபவாசம் என்று ஒரு வாய் சாப்பிடவில்லை. மாத்திரை டாக்டர் சொன்னது, உபவாசம் ஆண்டவர் சொன்னது, இரண்டையும் மீறக்கூடாதாம். நான் இட்லித் தட்டை வைத்துக்கொண்டு கத்தியதுதான் மிச்சம்.

பதினொரு மணி இருக்கும். இவர் எழுந்து நின்று ஜெபிக்க ஆரம்பித்தார். நாலு வார்த்தை சரியாக வந்தது. பிறகு நாக்கு குளறியது. சட்டை வேர்வையில் நனைந்துபோயிற்று. என்ன சொல்கிறார் என்று எனக்கே புரியவில்லை. உடனே பக்கத்திலிருந்த எஸ்தர் அக்கா, பரிசுத்த ஆவி இறங்கி அந்நிய பாஷை வந்துவிட்டது என்று கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார். சபையே சேர்ந்து சொன்னது. இருபது வருடமாக அந்த அபிஷேகத்துக்குக் காத்திருந்த மனுஷனுக்கு இன்றைக்குக் கிடைத்துவிட்டது என்று சிலர் அழுதார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். கண்ணை மூடி நன்றி சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. அப்படியே பாயில் சரிந்தார்.

இப்போது எல்லோரும் பக்கவாதம் என்றார்கள். ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் கையைத் தேய்த்தார். அடிவாரம் பக்கம் வாதத்துக்கு எண்ணெய் போடுகிறவர் இருக்கிறார், அங்கே கொண்டுபோகலாம் என்றார் எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர். ஜெபத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்றார் போதகர். எஸ்டேட் ஜீப் வாசலில் நிற்கிறது. எங்கே போவது என்று ஒருத்தருக்கும் முடிவில்லை.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்தேன். ஆண்டவரே, எனக்குப் பொறுமையைக் கொடும், இந்த மனுஷனைத் திரும்பக் கொடும். அவ்வளவுதான் ஜெபம். பொறுமை வரவில்லை. உச்சந்தலை வரைக்கும் கோபம்தான் வந்தது. அதுவரை போதகர் முன்னால் நான் குரலை உயர்த்தியதே இல்லை.

"ஏனுங்க பாஸ்டர், நீங்க இங்கயே ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் ஆஸ்பத்திரியிலயும் கேப்பாருங்க. எண்ணெய்க்காரருகிட்டப் போறவங்க நடந்து போங்க. ஜீப்பு ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்."

நாலு பேர் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். வழியில் எஸ்தர் அக்கா அவர் வாயில் காப்பி ஊற்றப் போனார். விழுங்க முடியாமல் கிடக்கிறவருக்கு ஊற்றினால் மூச்சு அடைத்துக்கொள்ளும் என்று அக்காவையும் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் செய்தது, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்ததுதான். அடிமட்டத்தில் இருந்தது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோணல் நேரானது. கை அசைந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நொம்பப் பசிக்குது புள்ள."

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அழுதுகொண்டே திட்டவும் செய்தேன்.

வெறும் பட்டினிக்கா இவ்வளவு கலாட்டா பண்ணினேன் என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "சர்க்கரை இறங்குனாலும் பக்கவாதம் மாதிரியே இருக்குமுங்க. குத்திப் பாக்காம எங்களுக்கே தெரியாது. ஊட்டுல உக்காந்து எதுன்னு யோசிக்காமக் கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதான் சரி" என்றார். அதோடு விடவில்லை. சேலத்துக்கு அனுப்பித் தலையை ஸ்கேன் எடுத்து, பக்கவாதம் இல்லை என்று உறுதியான பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

அன்பானவர்களே, யாருக்காவது வாய் கோணினால், நாக்கு குளறினால், அது என்ன வியாதி என்று பட்டிமன்றம் நடத்தாதீர்கள். வண்டியில் ஏற்றுங்கள், வண்டியிலேயே ஜெபியுங்கள். நான் பொறுமை கேட்டேன், கர்த்தர் கோபத்தைக் கொடுத்தார். அன்றைக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்து கொடுப்பார், நம்பிக் கேளுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது என்று இப்போது போதகரே அறிவிக்கிறார். என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமையும் சாப்பிட்டுவிட்டுத்தான் சபைக்கு வருகிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. தூக்கி வைத்துக்கொள்ளட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தூக்குகிறது. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.