பச்சை டிக்

அமுலு அக்காவின் புகாரை அழித்தது நான். அழித்துவிட்டு, அப்படி ஒன்று வரவே இல்லை என்று சொன்னதும் நான்தான்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். இந்தக் கையால் சோறு அள்ள எனக்கே பிடிக்கவில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். கும்மிடிப்பூண்டியில் தகடு அழுத்தும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. வீடியோ பார்த்துப் பார்த்தே ஜாவா கற்றேன். மெஷின் பழுதைத் தொழிலாளிகள் போனில் படம் எடுத்துப் புகார் போட ஒரு ஆப் செய்து, கிளவுடில் ஏற்றினேன். கிளவுட் என்ன கிளவுட்... எவனோ எங்கோ வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர்!

படம் ஏறியதும் பச்சை டிக் வரும். கம்பெனி கேட் அருகே நின்று நானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்: "டிக் வந்தா பத்திரமா கீதுன்னு அர்த்தம். அப்பால போன்லேர்ந்து அழிச்சிடுங்க, இடம் அடைக்காது."

அமுலு அக்கா பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர். கையைக் காக்கும் கம்பித் தடுப்பு உடைந்து தொங்குவதைப் படம் எடுத்துப் போட்டார். டிக் வந்ததும் என்னிடம் காட்டிச் சிரித்தார். என் பேச்சை நம்பி, போனிலிருந்து அழித்தார்.

ஆயுத பூஜை வந்தது. ஆப்பின் முகப்பில் முதலாளி படம் மாலையோடு வர வேண்டும் என்றார்கள். வைத்தேன். "இன்னாய்யா, ரேஷன் கார்டு போட்டோ மாரி வெச்சிகிற? பெருசா போடு" என்றார் மேனேஜர். பயந்துபோய் உடனே மாற்றி, ஆப்பை மறுபடி கிளவுடில் ஏற்றினேன்.

புதிதாக ஏற்றினால் கிளவுடுக்காரர்கள் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைத் தருவார்கள். உள்ளே வைத்ததெல்லாம் அதோடு போகும். வேண்டியதை அவர்களே தரும் தனிக் கிடங்கில் வைக்க வேண்டும். திரையில் வந்த அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. புரியாமலே தலையாட்டிவிட்டுக் கடந்தேன்... ஆளில்லாத அறையில் யாருக்காகத் தலையாட்டினேன்? வீட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பவன் நான்!

புகார்கள் அத்தனையும் போயிருந்தன. மேனேஜர் அதுவரை ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றே சொல்லியிருந்தால் அக்கா இன்னொரு படம் எடுத்திருப்பாரே...

பூஜையன்று அந்த உடைந்த தடுப்புக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். பூஜை விடுமுறை முடிந்த முதல் ஷிப்டில், அந்த மெஷின் அக்காவின் வலது கை விரல்களை எடுத்துக்கொண்டது.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"போட்டோ போட்டேனே நைனா... நீகூட பாத்தியே?"

"சிஸ்டத்துல எதுவும் இல்ல சார்" என்றேன், மேனேஜரைப் பார்த்து.

பொய் இல்லையே! அந்த நேரத்தில் எதுவும் இல்லைதான்... த்தூ! இப்படியும் ஓர் உண்மை! மேனேஜர் என் தோளைத் தட்டினார். பல்லி விழுந்ததுபோல் உடம்பு கூசியது. அக்காவின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

மறுநாளே படங்களையெல்லாம் தனிக் கிடங்கில் சேரும்படி மாற்றினேன். ஓசையில்லாமல். ஆக, தவறு எங்கே என்று எனக்குத் தெரியும்... தெரியாதவன்போல இன்னும் எத்தனை நாள் நடிப்பேன்?

போன வாரம், கவரைப்பேட்டை ஸ்டேஷன். வேலைக்குப் போக நாங்கள் இருவரும் அங்கேதான் ரயில் ஏறுவோம். அக்காவுக்கு இப்போது கம்பெனியில் பெருக்கும் வேலை.

"அன்னிக்கு நான்தான் சரியா அமுக்கல போல நைனா. படிக்காதவ தானே" என்றார். போனை எடுத்தார். "பாத்ரூம் பைப்பு ஒழுவுது, படம் எட்த்து வெச்சிகிறேன். இப்ப சரியா அமுக்குறேனா பாரு."

இடது கட்டைவிரலால் அழுத்தினார். பச்சை டிக் வந்தது.

"சரிதான்க்கா" என்றேன்.

அன்றைக்கும் சரியாகத்தான் அமுக்கினீர்கள்... தொண்டை வரை வந்தது. அதற்குள் ரயில் வந்துவிட்டது.

கூட்டத்தில் முந்திக்கொண்டு ஏறிய அக்கா, விரலில்லாத அந்தக் கையைப் பக்கத்து இருக்கையில் ஊன்றி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.

"வா நைனா, குந்து."

உட்கார்ந்தேன்.