படியடியில் கிடந்த சப்பாத்து

எனக்கு உயரம் ஆகாது. எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் நடைபாலத்தில்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல்தான் போவேன். அப்படிப்பட்டவள் மெக்சிகோவில் ஒரு மாயன் கோபுரத்தின் படிக்கட்டில் நாலு காலில் தவழ்ந்தேன் என்றால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அமெரிக்காவில் படித்த எங்கள் மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்கப் போயிருந்தோம். "இவ்வளோ தூரம் வந்துட்டு சும்மா திரும்புறதா?" என்று அவள்தான் மெக்சிகோவில் ஒரு கடற்கரை விடுதியில் அறை எடுத்தாள். ஊரில் மோரிப் கடலின் சேற்று நிறத்தையே பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்தத் தண்ணீரின் நீலம் நம்பும்படியாகவே இல்லை. அவர் நன்றாக நீந்துவார். ஆனாலும் முழங்காலுக்கு மேல் நனைய நான் விடவில்லை.

முந்தைய வருடம்தான் அவருக்கு மாரடைப்பு வந்து, பிழைத்து எழுந்திருந்தார். அன்றிலிருந்து வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். பாசாரில் சாமான் வாங்கினால் அரிசிப் பையை நான் தூக்குவேன். மாடிப்படி ஏறினால் பின்னாலேயே நிற்பேன். வருடம் தவறாமல் காவடியோடு பத்துமலைப் படியேறிய மனிதரை அந்தத் தைப்பூசத்துக்கு வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரைப் போத்தல் என் கைப்பையில் இருக்கும். கைப்பை என் தோளில் இருக்கும். அவர் என் கண்ணெதிரில் இருப்பார். இதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு.

மாயன் இடிபாடுகளைப் பார்க்கப் போன அன்று மகளுக்கு வயிறு சரியில்லை. அவளை விடுதியில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் சுற்றுலா பஸ்ஸில் போனோம். காட்டை வெட்டிய பெரிய திடல். நடுவில் கல்லால் ஆன கோபுரம். படிகள் சுவர் மாதிரி செங்குத்தாக ஏறின. பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு சங்கிலி மட்டும் கிடந்தது. வழிகாட்டி என்னென்னவோ சொன்னார். மேலே இருப்பது கோயில் என்றது மட்டும்தான் இவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த நெனப்பே வேணாம்," என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லல லா."

அவரை ஒரு மர நிழலில் உட்கார வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். அங்கே நீண்ட வரிசை. திரும்பி வந்தால் மரத்தடியில் யாரும் இல்லை. கோபுரத்தின் முதல் படி ஓரத்தில், ஒழுங்காகச் சேர்த்து வைத்த ஒரு ஜோடி பழுப்புச் சப்பாத்து. காலுறைகள் மடித்து உள்ளே செருகியிருந்தன.

அந்தத் திடலில் அத்தனை பேரும் சப்பாத்தோடுதான் ஏறிக்கொண்டிருந்தார்கள். கோயில் என்று சொன்னதும் கழற்றி வைத்துவிட்டு ஏறக்கூடிய ஆள் அங்கே ஒருவர்தான் உண்டு. மேலே பார்த்தேன். உச்சியில் அவருடைய பூப்போட்ட பாத்தேக் சட்டை தெரிந்தது. அசையவில்லை.

இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் கூட்டாளியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள்: மேலே வெறுங்காலோடு ஒருவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாராம்.

மாத்திரைப் போத்தல் என் தோளில் தொங்கியது.

எப்படி ஏறினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாமி மன்னிக்கட்டும் என்று செருப்போடே ஏறினேன். கையை ஊன்றிய இடமெல்லாம் கல் தோசைக்கல்லாகச் சுட்டது. இதில் இந்த மனிதர் வெறுங்காலோடு ஏறியிருக்கிறாரே என்று திட்டினேன். அடுத்த மூச்சிலேயே, உயிரோடு இருந்தால் போதும், இனித் திட்டவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். பாதியில் ஒருமுறை கீழே பார்த்துவிட்டேன். சங்கிலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். நான் இங்கேயே நின்றுவிட்டால் அவர் அங்கேயே போய்விடுவார் என்ற நினைப்புதான் என்னை மறுபடி நகர்த்தியது.

உச்சியில் சுவரோரமாகச் சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"போத்தல் இருக்கா?" என்றார்.

மூடி திறக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ தண்ணீர் நீட்டினார்கள். வாங்கத் தோன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் மூச்சு சீரானது. வந்தது நெஞ்சுவலியா, கீழே பார்த்த பயமா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"பத்துமலை ஏற விடல நீ," என்றார் மெதுவாக. "இத ஏறிக் காட்டிட்டா அடுத்த வருசம் நீ விட்டுருவேன்னு நெனச்சேன்."

அறைந்துவிடலாம் போலிருந்தது. அழுதுவிட்டேன்.

இறங்குவது ஏறியதைவிடக் கொடுமை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். அவருக்கு ஒரு படி கீழே நான் இருந்தேன்.

"விழுந்தா என் மேல விழுங்க."

"விழுந்தா ரெண்டு பேருமே போய்ச் சேந்துருவோம் லா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தரைக்கு வந்ததும் சப்பாத்தைக் கையில் எடுத்தேன். அவர் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன, போட முடியாது. அவர் கையை நீட்டினார். சப்பாத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"போத்தலக் குடு. இனிமே அது என் பாக்கெட்ல இருக்கட்டும்."

"நான்தான் வச்சிருக்கேனே?"

"நீ பக்கத்துல இல்லாதப்பவும் வரும்தானே?"

கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடமாக அவர் உயிரே அந்தப் பைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கழிப்பறை வரிசையில் நின்றபோதும் அது என் தோளில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டார். சட்டைப் பாக்கெட்டில் போத்தல் புடைத்துக்கொண்டிருந்தது. மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கியது. விடுதி வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.