கோடு மாறிய முகவரிகள்

இணையப் பக்கத்துக்கு முகவரி அமைப்பது சர்வரில் நாலே வரி வேலை; அந்த நாலு வரிக்காக நான் கேட்ட மன்னிப்புகளை, இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நம்பர்

தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவ சபைக்கு, காலமான உறுப்பினர்களின் நினைவுப் பக்கங்களைச் செய்துகொடுத்தோம். ஆளுக்கு ஒரு பக்கம். முகவரியின் கடைசியில் வரிசை எண். சேலையூரிலிருந்து எஸ்தர் டீச்சர் எங்கள் ஆபீசுக்கே வந்தார். கணவர் சாலமோன் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தைத் திறந்து காட்டினேன். படத்துக்கு மேலே இருந்த முகவரியைத்தான் முதலில் படித்தார்.

"என்ன தம்பி, முப்பத்தேழுன்னு போட்டிருக்கு? எங்க வீட்டுக்காரர் என்ன ஜெயில்லயா இருக்காரு?"

பெயர்

எண்ணுக்குப் பதில் பெயர் வர, அன்றைக்கே ஒரு ஃபங்ஷன், அதாவது சின்ன நிரல், எழுதினேன். பெயரை எடு, ஆங்கில எழுத்தைத் தவிர மற்றதை நீக்கு, இடைவெளியில் அடிக்கோடு போடு. சாலமோனின் முழுப்பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் முகவரி நடுவில் அடிக்கோட்டோடு அழகாக வந்தது. டீச்சருக்கு அனுப்பினேன், சந்தோஷப்பட்டார்.

தமிழில் பதிவான பெயர்களோ முழுசாகக் காணாமல் போயின. அத்தனை பேருக்கும் ஒரே வெற்று முகவரி, ஒரே பக்கம். குரோம்பேட்டைக்காரர் ஒருவர் தன் அம்மாவைத் தேடிப் போனால், யாரோ மீசைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். போனில் அவர் அழுதுவிட்டார். பக்கத்து சீட் ரவி திரையை எட்டிப் பார்த்தான்.

"தமிழ்ல பேர் வச்சவங்களை எல்லாம் நீ இன்னொரு தடவை அடக்கம் பண்ணிட்டியே மச்சான்!"

கோடு

தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றிச் சரிசெய்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பார்க்க நன்றாக இருக்குமென்று அடிக்கோட்டை எடுத்துவிட்டுச் சிறுகோடு போட்டேன். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் வரியை மட்டும் எழுதவில்லை. பழைய முகவரியை யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

டீச்சர் வைத்திருந்தார், கல்லறைக் கல்லில் செதுக்கி. அந்தப் பக்கத்தில் சாலமோன் பாடிய ஒரு பாட்டின் பதிவு உண்டு. அதைக் கேட்பதற்காகவே சாலமோனின் தங்கை தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறார். கல்லறை முன்னால் நின்று, கல்லைப் பார்த்துப் பார்த்து போனில் அடித்திருக்கிறார்கள். 'பக்கம் இல்லை' என்றே வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் முயன்றிருக்கிறார்கள்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டதே அதற்கப்புறம்தான். பத்து நிமிஷத்தில் அந்த வரியை எழுதிவிட்டு, "மன்னிச்சிடுங்க டீச்சர், இப்ப பாருங்க" என்றேன். போனில் பாட்டுச் சத்தம் கேட்டது.

"குரல் வருது தம்பி. கேட்க வந்தவதான் ஊருக்குப் போயிட்டா."

மனிதர்கள் படிக்கும்படி முகவரி எழுதத் தெரிந்த எனக்கு, அதை அவர்கள் நம்பிவிடுவார்கள் என்பது மட்டும் தெரியாமல் போனது.