பாதி வழியில் திரும்பிய கைசர்

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த ஐம்பதுகளில் ஒரு மழைக்காலம். பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயிலில் எங்கள் வீடு. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார், அப்புறம் கைசர். பேரைக் கேட்டுப் பெரிய சக்கரவர்த்தியை நினைத்துவிட வேண்டாம். செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய், அவ்வளவுதான். ஆனால் நடப்பு என்னவோ சக்கரவர்த்தி நடப்புதான். என் வீட்டுக்காரரைத் தவிர நாங்கள் எல்லோரும் அதற்குக் குடிமக்கள்.

அவருக்கு வெள்ளறடைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் வேலை. எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறப் போன துரை, தன்னிடமிருந்த நாய்க்குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாராம். ஒரு சாயங்காலம் இவர் தோளில் போடுகிற துவர்த்துக்குள் எதையோ பொதிந்துகொண்டு வந்தார். அவிழ்த்தால், பஞ்சுப் பொதி மாதிரி ஒரு குட்டி. அப்பன் பனி நாட்டில் வண்டி இழுக்கிற ஜாதி, அம்மை எஸ்டேட்டு நாய். ஒரு கண் தவிட்டு நிறம், மற்றது நல்ல நீலம். ஹஸ்கி என்ற பேரெல்லாம் பல வருஷம் கழித்துப் பேரன் போனில் படம் காட்டியபோதுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் வைத்த பேர் துரை.

"ஒத்த நாய்க்கே கஞ்சிவெள்ளம் தெகயல்ல. இதுல வெள்ளக்காரனுக்கும் நான் பொங்கணுமாக்கும்?" என்றார் மாமியார்.

கைசரின் வரவேற்பு அதைவிட மோசம். முதல் நாளே குட்டியின் காதைக் கவ்விவிட்டது. இரண்டு சிரட்டையில் தனித்தனியாகக் கஞ்சி வைத்தால் இரண்டையும் அதுவே நக்கித் தீர்க்கும். என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் வேர்வை பட்ட துவர்த்தால் குட்டியைத் தினமும் துடைத்துவிடுவார். "எனக்க மணம் அதுமேல இருந்தா கடிக்க மாட்டான், பாத்துக்கோ" என்றார். சரியாகத்தான் சொன்னார், கடி நின்றது. ஆனால் குட்டி பக்கத்தில் வந்தால் கைசர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் மலையாள ஆட்சியின் கீழ் இருந்த எங்கள் தாலுகாவின் தமிழ் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் மறியலுமாக இருந்தது. இவரும் ஒரு ஊர்வலத்தில் கொடி பிடித்தார். போனவர்களைப் போலீஸ் தேடுகிறது என்று மறுநாளே செய்தி வந்தது. பிடிபட்டவர்கள் பட்ட அடியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

இவருக்கு ஒளிய இடம் கொடுத்தது யார் தெரியுமா? ஓடைக்கு அக்கரையில் இருந்த மலையாளக் குடும்பம். போராட்டம் அவர்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அந்த வீட்டுச் சேச்சி, "வழக்கு வேறெ, அயல்க்காரன் வேறெ, மோளே" சண்டை வேறு, பக்கத்து வீட்டுக்காரர் வேறு என்று சொல்லி, மாட்டுத் தொழுவத்துப் பரணில் வைக்கோலுக்குள் இவரை ஏற்றிவிட்டார்.

போகும்போது இவர் சொன்னது ஒன்றுதான். "கைசர மட்டும் அவுத்து விட்டுராத, கேட்டியா. நேரா வந்து எனக்க கீழ வாலாட்டிட்டு நிப்பான். அவனே என்னக் காட்டிக் குடுத்துருவான்."

பலா மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். ஓடைப் பக்கமிருந்து காற்று வந்தால் போதும், கழுத்து அறுந்துவிடும் போல இழுக்கும். கஞ்சியைத் தொடவில்லை. அதன் கண்ணைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. துரைக்குட்டியோ அவருடைய துவர்த்தை வாயால் இழுத்துக்கொண்டு வந்து, சங்கிலி எட்டாத தூரத்தில் போட்டு, அதன்மேல் படுத்துக்கொண்டது. கைசர் கண் மூடினால் கொஞ்சம் முன்னால் நகரும். உறுமினால் பின்னால் போகும். மறுபடி நகரும்.

"இவனும் எல்லைப் போராட்டம் நடத்துகான்" என்று மாமியார்கூடச் சிரித்துவிட்டார்.

ஒரு நாள் காலை, மழை விட்டிருந்த நேரத்தில், ஒரு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். அறை, அடுக்களை, நெல்லுப் பெட்டி என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பப் போன ஏட்டின் கண், ஓடைப் பக்கமே இழுத்துக்கொண்டு நின்ற கைசர் மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பட்டியெ அழிச்சு விடெடா. ஆள் எவிடெயுண்டெந்நு அது காணிச்சு தரும்."

நாயை அவிழ்த்தால் அதுவே ஆளிடம் கூட்டிப்போகும் என்று கண்டுபிடித்துவிட்டார். சங்கிலியைக் கழற்றியதும் கைசர் வேலியைத் தாண்டி, ஓடைமேல் கிடந்த தென்னந்தடிப் பாலத்தைக் கடந்து, அக்கரை மரச்சீனி விளைக்குள் பாய்ந்தது. அந்த மரவள்ளித் தோட்டத்துக்கு அடுத்தது தொழுவம். பின்னாலேயே போலீஸ். 'கர்த்தாவே, அவனை நிறுத்தும்' என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாமல் நானும் ஓடினேன்.

என் காலடியில் குட்டியும் ஓடி வந்தது. ஈரத் தடியில் அதன் கால் வழுக்கியது. செம்மண் வெள்ளம் அதை உருட்டி, ஒரு தாழை வேரில் கொண்டுபோய்ச் சொருகியது. அப்போது அது போட்ட சத்தம் இருக்கிறதே! குரைப்பும் இல்லை, வீறிடலும் இல்லை. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, நீளமாக ஒரு ஊளை. அதுவரை அது அப்படி ஊளையிட்டு நாங்கள் கேட்டதில்லை. போலீஸ்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கைசரும் நின்றது.

விளையின் நடுவில் நின்று தொழுவத்தை ஒரு தடவை பார்த்தது. அதன் உடம்பு முழுக்க அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது. பிறகு ஓடையைப் பார்த்தது. மறுபடி தொழுவத்தைப் பார்த்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்து எதற்காக இழுத்ததோ, அந்த மனுஷர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். குட்டி இரண்டாவது தடவை ஊளையிட்டது. கைசர் திரும்பி ஓடி வந்து வெள்ளத்தில் குதித்தது. பிடரியைக் கவ்விக் குட்டியைக் கரைக்கு இழுத்துப் போட்டு, அதன்மேல் கால்களை வைத்துப் படுத்துக்கொண்டு நக்க ஆரம்பித்தது.

ஏட்டு லத்தியால் தள்ளி மறுபடி விரட்டிப் பார்த்தார். கைசர் பல்லைக் காட்டியதே தவிர அசையவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனிக்கும் வீட்டில் ஒந்நு உண்டு" என்றார், யாரிடம் என்று இல்லாமல். அக்கரைத் தொழுவத்தை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரண்டினும் கஞ்ஞி கொடுக்கணம், கேட்டோ" என்று இரண்டுக்கும் கஞ்சி கொடுக்கச் சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆள் எங்கே என்று அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று இரண்டும் ஒரே சிரட்டையில் குடித்தன. பிடிவாரண்டுகள் ஓய்ந்து இவர் வீடு திரும்பியபோது, கைசர் அவர்மேல் தாவி அழுத அழுகையை எழுதத் தெரியவில்லை. பரணின் ஓட்டை வழியாக அவரும் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "என்ன விட்டுட்டுப் போனான் பாரு, அதுல பொழச்சேன்" என்பார். துவர்த்து மணம்தான் திரும்ப வைத்தது என்பது மாமியாரின் கட்சி. இருக்கலாம். நான் கைசரின் முகத்தைப் பார்த்தவள், எனக்கு அந்தக் காரணம் போதவில்லை.

பிறகு எல்லை பிரித்தார்கள். எங்கள் ஊர் கேரளத்திலேயே தங்கிவிட்டது. சேச்சியின் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் அந்தப் பாலத்தின் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். இந்த வயதிலும் பக்கத்தில் எங்கேயாவது ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். விளைக்கு நடுவில் நின்று திரும்பிப் பார்த்த அந்த முகம் என்னை உட்கார விடுவதில்லை.