அறுபது அடி என்று எழுதிய மனு

அறுபது அடி என்று எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தெருவில் இன்றைக்கும் யாராவது தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "உங்கப்பன் எழுதின மனு இருக்குதே" என்றுதான் உங்களிடம் ஆரம்பிக்கிறார்கள். நீங்கள் பாதி கேட்டுப் பாதியை நினைத்துக்கொள்வதைவிட, நடந்ததை நானே எழுதிவைப்பது நல்லது.

நம் தெரு ஊரைவிட்டுத் தள்ளி மேட்டில் இருக்கிறது. முதுகுப்பக்கம் விமானப்படைத் தளத்தின் மதில். முன்பு அந்த மதில் இவ்வளவு கிட்டத்தில் இல்லை. மதிலுக்கும் நமக்கும் நடுவே ஒரு பொதுக்கிணறு இருந்தது. நம் தெருவுக்கே அது ஒன்றுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தளத்தை விரிவாக்க நிலம் எடுத்தபோது கிணறு மதிலுக்கு உள்ளே போய்விட்டது. ஊரில் ஏற்கெனவே இருந்த பெரிய தொட்டியின் தண்ணீர் நம் மேட்டுக்கு ஏறாது. பெண்கள் எல்லாரும் பள்ளத்தில் இருக்கும் ஊர்க்குழாய்க்குப் போக வேண்டும். அங்கே ஊர்க்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை ஒதுங்கி நிற்க வேண்டும். பிறகு குடத்தை நிரப்பிக்கொண்டு மேடேற வேண்டும். உங்கள் அம்மா தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக ஒரு நாளைக்கு ஐந்து நடை நடப்பாள்.

அப்போதுதான் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து, தளத்தை ஒட்டிய ஊர்களுக்குப் பொதுவசதி செய்ய அரசு தனியாக மானியம் ஒதுக்கியிருக்கிறது, ரோடோ தொட்டியோ சமுதாயக்கூடமோ என்ன வேண்டுமோ மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவே தெருமுனை விளக்குக் கம்பத்தடியில் கூடியது. தொட்டிதான் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு உயரம் என்பதில்தான் பேச்சு நின்றது. உயரம் கூடினால் தண்ணீர் தூரம் போகும் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

"பக்கத்தூருத் தொட்டி முப்பதடி இருக்கும். அதும்படியே எழுதிரலாமுங்களா?" என்று நான் கேட்டேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கும். தெருவின் மனுக்களையெல்லாம் நான்தான் எழுதுவேன்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா, உங்களுக்குத் தெரியுமே, டவுன்பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், அவர் சிரித்தார். "தம்பி, நீ முப்பதுன்னு எழுதுனா அவன் பாஞ்சு தருவான். பாஞ்சடித் தொட்டில மாடுதான் தண்ணி குடிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் அப்பன் பாட்டன் எல்லாரும் பண்ணையத்தில் கூலி வாங்கியவர்கள். பொங்கலுக்கு ஒரு வேட்டி வேண்டுமென்றால் இரண்டு வேட்டி கேட்க வேண்டும். நான்கு படி சோளம் வேண்டுமென்றால் எட்டுப் படி கேட்க வேண்டும். கொடுப்பவர் பாதியாகக் குறைப்பார், குறைத்த திருப்தி அவருக்கு, கிடைத்த திருப்தி நமக்கு. நான் மில்லுக்குப் போய்ப் பல வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மேலதிகாரியிடம் ஒரு நாள் லீவு வேண்டுமென்றால் இரண்டு நாள் என்றுதான் எழுதுவேன்.

ஆக, அறுபது அடி என்று எழுதினேன். அழகாக, எண்ணிலும் எழுத்திலும்.

பொங்கல் கழிந்து உத்தரவு வந்தது. அதில் அறுபது அடி என்றே இருந்தது. ஒரு அடிகூடக் குறைக்கவில்லை. கண்டக்டர் பெரியப்பா உத்தரவை வாங்கி இரண்டு முறை படித்தார். "கவருமெண்டுக்கு என்ன தம்பி ஆச்சு?" என்றார். எங்களுக்குச் சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் அதிகம்.

தெருவின் அடிவாரத்தில்தான் புறம்போக்கு இருந்தது, ஆகவே தொட்டி அங்கே. அங்கிருந்து மேட்டின் உச்சியில் இருக்கும் நம் வீடு வரை நான்கு குழாய்கள். நான்காவது குழாய் நம் வாசலுக்கு நேரே. ஓவர்சியர் வந்து முளை அடித்துக் கயிறு கட்டினார். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விமானம் இறங்கியது. எங்களுக்கு விமானம் போவது காக்கை போவது மாதிரி, யாரும் தலையைத் தூக்கவில்லை. ஓவர்சியர் தூக்கினார். விமானம் மதிலுக்கு அந்தப் பக்கம் மறையும்வரை பார்த்தார். பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, அறுபதடிக்குத் தளத்துல சம்மதக் கடுதாசி வாங்கியாச்சுங்களா?"

எதற்கு என்று கேட்டோம்.

"எதுக்கா? வீமானம் எறங்கற எடத்துல அறுபதடிக்கு நிறுத்தோணும்னா அவங்களைக் கேக்காம முடியுமுங்களா? கடுதாசி வரட்டும், வேலையை ஆரம்பிக்கலாம். ஆனா ஒண்ணு. மார்ச்சுக்குள்ள ஆரம்பிக்கலைன்னா மானியம் திரும்பப் போயிரும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

கயிற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். முளைகள் நான்கும் அப்படியே நின்றன.

அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பகல் ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை நேராகத் தளத்தின் வாசலுக்கு விடுவேன். மனு கொடுத்து ஒரு வாரம், இரண்டு வாரம். வாசலில் காகிதம் வாங்கும் குமாஸ்தா தாராபுரத்துப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. நல்ல மனுஷன். "ஏனுங்க அண்ணா, நீங்க தெனமும் வந்தா காயிதம் சுருக்கா வந்துருமுங்களா? அது மேல போயிருக்குது. வந்தா நானே சொல்றேன்" என்பார். தெரியும். ஆனாலும் மறுநாள் மூன்றரைக்கு என் சைக்கிள் அங்கேதான் நிற்கும். மில்லில் தறியோரம் நிற்கும்போதுகூட என் கால் ஆடிக்கொண்டே இருந்ததாம், கூட வேலை செய்பவர் சொன்னார்.

காரணம் உங்கள் அம்மா. அப்போது தம்பி வயிற்றில். ஆறாவது மாதம். பெரியவளே, நீ இரண்டாம் வகுப்பு, ஒரு சின்னத் தூக்குப்போசியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் நடப்பாய், பாதி வழியிலேயே சிந்திவிடும். ஆஸ்பத்திரியில் நர்சம்மா, இனிமேல் தலைச்சுமை கூடாது என்று சொல்லியிருக்கிறார். "அப்பத் தண்ணிய நீங்க வந்து ஊத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள் உங்கள் அம்மா. ஷிப்டுக்கு முன் நான் நான்கு குடம் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவேன், மிச்சம் அவள்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் ஈரச் சும்மாடு கொடியில் காயும். நான் பார்ப்பதை அவள் பார்ப்பாள்.

மார்ச் பாதியில் இங்கிலீஷில் கடிதம் வந்தது. குமாஸ்தா அர்த்தம் சொன்னார். அந்த இடத்தில் அறுபது அடிக்குச் சம்மதம் இல்லை. அதிகபட்சம் முப்பத்தைந்து அடி.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓவர்சியரிடம் ஓடினேன். அவர் காலண்டரைப் பார்த்தார். "எஸ்டிமேட்டைத் திருத்தோணும். அதுக்கு மனு குடுத்தவங்களே, இத்தனை அடி போதும்னு எழுதிக் குடுக்கோணும். நாளைக்குள்ள கொண்டாங்க" என்றார்.

விளக்குக் கம்பத்தடியில் மறுபடியும் கூட்டம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"போதும்னு எழுதிக் குடுத்துப்போட்டா, அறுபதுன்னு கேட்டது பொய்யின்னு ஆயிராதா?" என்றார் கண்டக்டர் பெரியப்பா. "நாளைக்கு ரோடு கேட்டா, லைட்டு கேட்டா, இந்தத் தெருக்காரன் ரெண்டு மடங்கு கேக்கறவன்னு நம்ம மனுவை மட்டும் ஓரமா வெப்பான்."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்கண்ணா?"

"அறுபதுக்கு இன்னொருக்கா கேட்டுப் பாரு."

உங்கள் அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். பெண்கள் அங்கே பேசுவது வழக்கமில்லை. "ஏனுங்க பெரீண்ணா," என்றாள், "வீமானத்துக்காரங்க மனசு மாறுற வரைக்கும் என்ற குடத்த நீங்க தூக்குவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "எழுதிப்போடு தம்பி. அம்மணிகிட்ட யாரு பேசி முடியும்?"

வீட்டுக்கு வந்து எழுதினேன். மூன்று காகிதம் கிழித்தேன். 'எங்களுக்கு உண்மையில் தேவை முப்பது அடியே. அறியாமையால் கூடுதலாகக் கேட்டுவிட்டோம். மன்னிக்க வேண்டும்' என்று முடித்தேன். எழுதி முடித்ததும் காது சூடாகிவிட்டது. என் கையெழுத்தில், என் பொய்யை, நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஓவர்சியர் அதைப் படித்துச் சிரித்தார். கோபமே இல்லை. "எல்லாரும் இப்படித்தானுங்க கேக்கறாங்க. நாங்களும் பாதியாக் கொறைச்சுத்தான் எழுதுவோம். இந்த மானியத்துல மட்டும் கேட்டதை அப்படியே குடுங்கன்னு மேல சொல்லிப்போட்டாங்க." பேனாவைத் திறந்தார். "செரி, முப்பத்தஞ்சு வரைக்கும் உடறாங்க. முப்பத்தஞ்சே போட்டுரட்டுங்களா? கடைசி ஊடு மேட்டுல இருக்குதே."

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, நான் அந்தக் காரியத்தைச் செய்தது.

முப்பது என்று சற்று முன்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது முப்பத்தைந்து என்றால், பார், மறுபடியும் ஐந்தடி கூட்டிக் கேட்கிறான் என்று நினைப்பாரே என்று பட்டது. அவர் அப்படி நினைக்கவே இல்லை, அவராகத்தான் கேட்டார். எனக்குத்தான் அப்படிப் பட்டது. அந்த முப்பதும் நான் அளந்து பார்த்ததா? பக்கத்து ஊர்த் தொட்டியை ரோட்டில் நின்று கண்ணால் பார்த்துச் சொன்னது.

"வேண்டாமுங்க. முப்பதே போதுமுங்க" என்றேன்.

"நெசமாலுமா?"

"நெசமாலுமுங்க."

முப்பது என்று எழுதினார். மார்ச் முடிவதற்குள் குழி வெட்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்ச நாள் கால் ஆட்டம்கூட நின்றது. சித்திரையில் தூண்கள் எழுந்தன. தம்பி பிறந்தான். மழைக்காலம் தொடங்குவதற்குள் தொட்டி முடிந்தது.

தண்ணீர் திறந்த அன்று தெருவே புதுத்துணி உடுத்தியிருந்தது. முதல் குழாயில் சீறிக்கொண்டு வந்தது. இரண்டாவதில் நன்றாக வந்தது. மூன்றாவதில் குடம் நிரம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான்காவது குழாயடியில் உங்கள் அம்மா மஞ்சள் பூசிய குடத்தோடு நின்றாள், தம்பி அவள் தோளில். குழாய் ஒரு முறை காற்றை ஊதியது. பிறகு நூல் மாதிரி ஒரு ஒழுக்கு. பிறகு அதுவும் நின்றது.

"கீழ மூணையும் மூடச் சொல்லுங்க" என்றாள். மூடினார்கள். நூல் மறுபடி வந்தது. குடம் நிரம்பக் கால் மணி நேரம். கீழே ஒரு குழாயைத் திறந்ததும் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் ஓவர்சியர் வந்து பார்த்தார். "இன்னும் ஒரு அஞ்சடி இருந்திருந்தா வந்திருக்குமுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார். தெருவில் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. எனக்கு மட்டும் அது எந்த ஐந்தடி என்று தெரியும். ஒரு வாரம் எனக்கு ஒரே வேலைதான். வாசலுக்கு வருவேன், குழாயைத் திறப்பேன், மூடுவேன், உள்ளே போவேன், மறுபடியும் வருவேன்.

"என்னத்துக்கு இப்படிக் கூண்டுல அடைச்சாப்பல நடக்கறீங்க?" என்றாள் உங்கள் அம்மா. சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து தருகிறேன் என்று அவராகச் சொன்னதையும், நான் வேண்டாம் என்றதையும்.

தம்பியின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "கேக்கறப்ப வாய் நீளுச்சு. குடுக்கறப்ப சுருங்கிப்போச்சா?" என்றாள். தொட்டில் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போய், மம்முட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மேல ஏறாதுன்னா நாமதானே எறங்கோணும். குழாயை அறுத்துக் கீழ வெக்கலாம். வாங்க."

அவளிடமிருந்து மம்முட்டியை வாங்கினேன். இரண்டு நாள், ஷிப்ட் முடிந்து வந்து தோண்டினேன். சுண்ணாம்புக்கல் கலந்த மண், பாறை மாதிரி இருந்தது. மூன்று படி வெட்டி, அடியில் கல் பாவி, ஊரிலிருந்து குழாய் வேலை செய்யும் பிட்டரைக் கூட்டிவந்து குழாயை அறுத்துத் தாழ்த்தி வைத்தோம். கண்டக்டர் பெரியப்பா டூட்டிக்குப் போகும் வழியில் நின்று எட்டிப் பார்த்தார். "மேல கேக்காத அடியெல்லாம் கீழ தோண்டிட்டிருக்கறயா தம்பி?" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

தண்ணீர் வந்தது. சீறவில்லை, ஆனால் வந்தது. உங்கள் அம்மா படியிறங்கி, குடத்தை வைத்து, நிரம்பியதும் படியேறி வந்தாள். நிறைகுடத்தோடு மூன்று படி. பள்ளத்துக் குழாய்க்குப் போவதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள். நான்தான், அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்ப்பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பதுபோல வீட்டுக்குள் போய்விடுகிறேன்.

நீங்கள் சிறுவயதில் ஒருநாள், நம் குழாய் மட்டும் ஏன் குழிக்குள் இருக்கிறது என்று கேட்டீர்கள். குழாய் போட்டவன் சரியாகப் போடவில்லை என்று சொன்னேன். அவன் சரியாகத்தான் போட்டான்.