கதவு தெரிகிற சீட்

அத்தான் மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: ஜன்னல் ஆட்கள், நடைவழி ஆட்கள். மூன்றாவதாக ஒரு வகை உண்டா என்று ஒருமுறை கேட்டேன். நடு சீட்டுக்கென்று பிறந்த ஆள் யாரும் கிடையாது, அதில் உட்காருகிறவர்கள் எல்லாம் தன்னிடம் டிக்கெட் வாங்காதவர்கள் என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

என் அக்காவின் கணவர் அவர். முப்பத்தோரு வருடம் ஒரே டிராவல்ஸ் அலுவலகத்தில் விமான டிக்கெட் எழுதினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடி. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் எதிர்ப்பட்டால் இருவரும் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டிய அளவுக்குப் படிக்கட்டு குறுகல். மேலே இரண்டு மேஜை, ஒரு தொலைபேசி, வால் உடைந்து பசை போட்டு ஒட்டிய பொம்மை விமானம் ஒன்று. அந்தக் காலத்து டிக்கெட்டின் அடியில் சிவப்பு மை தடவியிருக்கும். அது விரலில் ஏறும். அத்தானின் வலது கட்டைவிரல் ஞாயிற்றுக்கிழமையிலும் சிவந்தே இருந்தது.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழி என்பதால் பல மாலைகளில் நான் அங்கே ஏறி உட்கார்ந்திருப்பேன். அவரிடம் கெட்டியான கோடு போட்ட நோட்டுகள் ஏழு இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு விமானத்தின் வயிற்றை அளவுகோல் வைத்து வரைந்து, சீட்டுகளுக்குக் கட்டம் போட்டிருப்பார். நல்ல சீட்டுக்கு நீல டிக், ஆகாததற்குச் சிவப்புக் கோடு. விமானக் கம்பெனி கொடுக்கும் படத்தை அவர் நம்புவதில்லை. ஜன்னல் சீட் என்று போட்டிருப்பார்கள், அங்கே வெறும் சுவர் இருக்கும் என்பார்.

அவருடைய தகவல் எல்லாம் போய்த் திரும்பியவர்கள் மூலம் வந்தது. அவர்களை அவர் விடமாட்டார். ஏழு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிற மகனை முதல்முறையாகப் பார்த்த வெல்டர் ஒருவர் நன்றி சொல்ல மாடியேறி வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அத்தான் அவரை உட்கார வைத்து, சீட் எவ்வளவு தூரம் சாய்ந்தது, கழிவறை விளக்கு முகத்தில் அடித்ததா, ஜன்னல் தோளுக்கு நேராக இருந்ததா அல்லது முதுகுப் பக்கம் போய்விட்டதா என்று வரிசையாகக் கேட்டார். பாவம், அந்த மனிதரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். அத்தான் எழுதிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு மூன்று கேள்வி. எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவீர்கள், தூக்கத்தில் எத்தனை முறை எழுந்திருப்பீர்கள், இறங்கியதும் ஓட வேண்டுமா, மெதுவாகப் போகலாமா. இரண்டாவது கேள்விக்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போன ஒரு தலைமையாசிரியை, அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "நாலு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு இதில் பெரிய மதிப்பு இருந்ததில்லை. பத்து மணி நேரம் கழிந்ததும் எல்லாரும் ஒரே கதவு வழியாகத்தானே இறங்கப் போகிறார்கள் என்பேன். "அந்தப் பத்து மணி நேரத்தை யாரு உட்கார்ந்து கழிக்கிறது, நீயா?" என்பார். இவ்வளவு பேசுகிற அவர், தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, கம்பெனி இலவசமாகக் கொடுத்த டிக்கெட்டில் ஒரு மணி நேரம் பறந்திருந்தார். அதையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

இருந்தாலும் அந்த மாலைகளை நான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துப் பலகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். மேலே ஒருவர், இதுவரை கண்டிராத ஓர் இடத்தில் தன் தோள் எந்தச் சுவரில் சாயும் என்று அத்தானிடம் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்கும். அப்படி ஒருவர் இன்னொருவருக்காக நிதானமாக யோசிக்கிற இடங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவருடைய ஒரே மகள், நாங்கள் பாப்பா என்று கூப்பிடுகிறவள், வேலைக்குப் போன நாட்டிலேயே ஒருவரைப் பிடித்துப்போய் அங்கேயே கல்யாணம் என்று முடிவானது. பதினான்கு மணி நேரப் பயணம். அக்கா அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. அத்தான் ஒரு மாதம் நோட்டைப் புரட்டி, இறக்கைக்குச் சற்று முன்னால், வெயில் படாத இடது பக்கம், ஜன்னல் தோளுக்கு நேராக வரும் ஒரு சீட்டைப் பிடித்தார். நோட்டின் அந்தப் பக்கத்திலேயே பெரிய நீல டிக் அதற்குத்தான். முதல்முறை போகிறவர்களுக்கு அவர் எப்போதும் ஜன்னல்தான் கொடுப்பார். ஊரே கண்ணுக்குக் கீழே விரியும்போது பயம் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. அவர் நடுவில் உட்கார்ந்தார். ஓரத்தில் ஒரு பருத்த மனிதர்.

கதவை மூடப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் அக்கா எழுந்துவிட்டாள். மூச்சு முட்டுகிறது என்றாளாம். அத்தானைத் தாண்டி, அந்தப் பருத்த மனிதரின் மடிமேல் கிட்டத்தட்ட ஏறி இறங்கி, செருப்பில் ஒன்றைக் கீழேயே விட்டுவிட்டு, வாசலுக்குப் போய் நின்றாள். இருவரையும் இறக்கினார்கள். அவர்களுடைய பெட்டிகளைத் தேடி எடுத்ததில் விமானம் ஐம்பது நிமிடம் தாமதம்.

பாப்பாவின் கல்யாணத்தை நாங்கள் படங்களில்தான் பார்த்தோம். அப்பா மட்டுமாவது அடுத்த விமானத்தில் போயிருக்கலாம் என்று சொந்தத்தில் பேசினார்கள். அவர் போகவில்லை. அதைத் தியாகம் என்று நான் சொல்லமாட்டேன். அக்காவை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அத்தான் செய்ததுதான் வேடிக்கை. விமானக் கம்பெனிக்குத் தொலைபேசி செய்து, அந்தக் குறிப்பிட்ட சீட்டில் ஏதாவது பழுது உண்டா, ஜன்னல் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். கடிதமும் எழுதினார். பழுது எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அவர் நம்பவில்லை. ஊரில் வந்தவன் போனவனிடமெல்லாம் மூன்று கேள்வி கேட்ட மனிதர், வீட்டில் இருக்கிறவளிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அது அவருக்கும் உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

பாப்பா குறை சொல்லவில்லை. "அம்மா வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் பேசினாள், எதற்கும் வாங்க என்று அழைக்கவில்லை.

ஏழு வருடம் போயிற்று. ஜனங்கள் தங்கள் சீட்டைத் தாங்களே கைபேசியில் அமுக்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். படிக்கட்டில் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய அவசியம் குறைந்தது. பிறகு ஒருநாள் அலுவலகத்தையே மூடினார்கள். அத்தான் ஏழு நோட்டையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த வருடக் கடைசியில் பாப்பா உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தது. பிரசவத்துக்கு யார் என்று அக்கா கேட்டாள். "நீங்க சிரமப்படாதீங்கம்மா. அத்தை வர்றேன்னு சொல்லிட்டாங்க" என்றாளாம், தன் மாமியாரைச் சொல்லி. நல்ல மனதோடுதான் சொன்னாள். அக்கா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு அத்தானிடம், "டிக்கெட் போடுங்க" என்றாள். இந்த முறையும் இறங்கிவிட்டால் பாப்பா இனி எதற்கும் அவளை எதிர்பார்க்கமாட்டாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நான் போனபோது சாப்பாட்டு மேஜை முழுக்க நோட்டும் படமுமாகக் கிடந்தது. அத்தான் நான்கு சீட்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தார். இறக்கை மேல் குலுக்கல் குறைவு, வால் பக்கம் இருவர் மட்டும் உட்காரும் வரிசை உண்டு என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். முப்பது வருடத்தில் அவள் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடக் குனிந்து பார்த்து நான் கண்டதில்லை. அன்று குனிந்தாள்.

"இதுல கதவு எங்க இருக்கு?"

அத்தான் கையிலிருந்த பேனாவை மூடினார். "கதவு எதுக்கு உனக்கு?"

"சும்மா. எங்க இருக்குன்னு காட்டுங்க."

அவர் காட்டினார். அவள் அதற்கு எதிரே, நடுத்தொகுதியின் முதல் வரிசையில், ஓரச் சீட்டில் விரலை வைத்தாள். "இங்க உட்கார்ந்தா கதவு தெரியுமா?"

தெரியும். ஆனால் ஏழு நோட்டிலும், எந்த விமானமானாலும், அத்தான் சிவப்புக் கோடு போட்ட வரிசை அது. பக்கத்திலேயே கழிவறை, வரிசையில் நிற்கிறவர்கள் முழங்காலில் இடிப்பார்கள். சாப்பாட்டு வண்டி கடகடவென்று அங்கேதான் திரும்பும். விளக்கு அணையாது. கைப்பிடி தூக்க வராது. எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் பழைய அலுவலகக் குரலாக மாறியது. அக்கா கேட்டு முடித்துவிட்டு, "கதவு தெரியும்ல, அது போதும்" என்று சமையலறைக்குப் போனாள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவள் குளியலறைத் தாழ்ப்பாளை முழுதாகப் போடமாட்டாள், வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைப்பாள். தியேட்டரில் கடைசி வரிசை ஓரம். லிஃப்ட் இருக்கிற கட்டிடத்தில் நாலு மாடி ஏறுவாள். சின்ன வயதிலிருந்து நாங்கள் சிரித்த விஷயங்கள். அத்தான் அவற்றோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார், நான் அதற்கும் மேலாக.

என்னை வழியனுப்பத் தெருவரை வந்தவர், விளக்குக் கம்பத்தடியில் நின்றுவிட்டார்.

"இறங்கறதுக்குத்தான் வழி பாக்கறா மச்சான். கதவுக்குப் பக்கத்துல உட்கார வெச்சா ரெண்டே எட்டு. நானே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

இருக்கலாம் என்றேன். அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்றேன். இந்த மாதிரிப் பதிலுக்கு அவர் வழக்கமாக என்னைத் திட்டுவார். அன்று திட்டவில்லை. மூன்று நாள் கழித்து, அக்கா விரல் வைத்த சீட்டையே போட்டுவிட்டதாகச் சொன்னார். குரலில் தோற்றுப்போன சாயல் இருந்தது.

விமான நிலைய வாசல்வரை நான் போனேன். உள்ளே நடந்ததை இருவரும் பிறகு தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் அனேகமாக ஒத்துப்போகிறது.

எல்லாரும் ஏறி முடிக்கும்வரை அத்தான் கதவைப் பார்க்கவில்லை, அக்காவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. அறிவிப்பு வந்தது. அக்கா பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. கிளம்பும்போதே ஒன்றும் சொல்லக்கூடாது என்று முடிவுசெய்து வைத்திருந்தவர், அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"இறங்கணும்னா சொல்லு. ரெண்டு பேரும் இறங்கிடலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"சும்மா இருங்க. அந்தப் பொண்ணு எப்படி மூடறான்னு பாக்கறேன். பெல்ட் இறுக்குது, அதான் கழட்டினேன்" என்றாள் அக்கா, எட்டிப் பார்த்தபடியே.

பணிப்பெண் கதவை இழுத்து, பிடியைத் திருப்பி, கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். அக்கா பெல்ட்டைத் தளர்த்தி மறுபடி போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டு, நீ எங்கே உட்காருவாய் என்று சைகையில் கேட்டாள். அவள் கதவோரச் சுவரிலிருந்து ஒரு மடக்கு இருக்கையை இறக்கிக் காட்டினாள். அக்காவைப் பார்த்தபடி இருந்தது அந்த இருக்கை.

மறுநாள் மாலை எனக்குப் போன் வந்தது. முதலில் அக்கா பேசினாள். கடல் மேல் போகும்போது விமானம் பயங்கரமாக ஆடியதாம். தட்டுகள் உருண்டனவாம். பின்னால் யாரோ சத்தமாக வேண்டிக்கொண்டார்களாம். எழுந்து எங்கேயாவது ஓடிவிட வேண்டும் என்று இருந்ததாம்.

"அந்தப் பொண்ணு வந்து எனக்கு எதிர்ல உட்கார்ந்து பட்டையைப் போட்டுக்கிட்டா. நான் அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அவ கொட்டாவி விட்டாடா. நல்லா வாயைப் பொத்திக்கிட்டு, பெருசா ஒரு கொட்டாவி. அதுக்கப்புறம் எனக்கு என்ன?"

அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் தூங்கியிருக்கிறாள். வெளிச்சத்திலேயே.

பிறகு அத்தான் போனை வாங்கினார். முழங்கால் போய்விட்டது, கழிவறைக்குப் போன அத்தனை பேரும் இடித்தார்கள், ஒரு நிமிடம் கண்ணை மூடவில்லை என்றார். "ஆகாத சீட்டுதான் மச்சான். இப்பவும் சொல்றேன்." ஒரு பெரிய பொழுதைக் கடந்து வந்தவரின் குரல் அது. திரும்பி வரும்போதும் அதே வரிசையைக் கேட்டு வாங்கிவிட்டதாக, வேறு ஏதோ விஷயம்போலச் சொன்னார்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவது கேட்டது. கதவு சாத்தும் சத்தம்.

"வெளிய வந்ததும் முதல்ல என்னைத்தான் பார்த்தா. உங்கக்கா பெட்டியோட பின்னால வந்துட்டிருந்தா. பாப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பரவால்லப்பா, நீங்களாவது வந்தீங்களே'ன்னா. எனக்குப் பின்னால பார்க்கவே இல்ல மச்சான், பார்க்கணும்னே தோணல அவளுக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்கக்கா தெரியட்டும்னு கொஞ்சம் தள்ளி நின்னேன்."