விமானத்தின் வாலைப் பிடிப்பவர்

அந்தத் தையல்காரர் தைத்த கோட்டில் தோளருகே ஒரு சுருக்கம் விழாது. அதை வைத்து அவருக்கு ஒரு நல்ல பட்டப்பெயர் கொடுத்திருக்கலாம். ஆனால் ‘தொடைநடுங்கி’ என்று மச்சான் கூப்பிட்டதுதான் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டவரையும் குறை சொல்ல முடியாது. குக்கர் விசிலடித்தால் மனிதர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். எந்தக் கட்டடமானாலும் மாடிப்படிதான். கல்யாணத்தன்று கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கிய நடுக்கத்தில் பெயரே வேறு யாருடையதோ போல விழுந்தது என்று மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

மனைவியின் அண்ணனான அந்த மச்சான் லிஃப்ட் மெக்கானிக். தொங்கும் கூண்டின் தலையில் நின்று டீ குடிக்கிற ஆள். அவருக்கு ரிமோட்டில் பறக்கும் விமானங்கள் என்றால் உயிர். சின்னதில் ஆரம்பித்துக் கடைசியில் ஒரு பெரியதைக் கட்டி முடித்தார். இறக்கையை விரித்தால் கூடத்தில் ஆள் நடமாட முடியாது. பெட்ரோல் என்ஜின். பொம்மை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். தையல்காரர் ஒருநாளும் சொன்னதில்லை. முன்னால் சுற்றும் அந்த விசிறி ஒரு வாழைத்தண்டை நறுக்கியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

அதைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னால் மண்டியிட்டு விசிறியைக் கையால் தட்டிச் சுழற்ற வேண்டும். மற்றவர் பின்னால் உட்கார்ந்து வாலை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா இருந்த தையல்காரரை மச்சான் இந்த வேலைக்கு இழுத்துவிட்டார்.

“நீங்க விட்டீங்கன்னா அது நேரா என் மேலதான் வரும், மாப்ள. அவ்வளவுதான் வேலை” என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவ்வளவுதானாம்! அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றாலே தையல்காரருக்குப் போகப் பயம். வரமாட்டேன் என்று சொல்லவும் பயம். வேறு எவனாவது பிடித்து, கை நழுவிவிட்டால்? அதனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். வாலில் கயிறு கட்டித் தரையில் அடித்த முளையில் மாட்டுவது வழக்கம். மச்சான் கட்டிய முடிச்சை அவர் ஒருமுறை, பிறகு இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பார். மச்சான் சிரிப்பார்.

இந்தச் சமயத்தில் மைதானத்துக்குப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்தார்கள். என்ஜினை முழு வேகத்தில் ஓட்டி, சத்தத்தை அளந்து காட்டினால்தான் இனி அனுமதி என்றாகிவிட்டது. புல் சத்தத்தை விழுங்கிவிடும், சிமெண்ட் தரையில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது விதி. சிமெண்டில் முளை எப்படி இறங்கும்?

“கயிறு இல்லாம வேணாம் மச்சான். இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“இந்த உடம்பைவிட என்ன முளை வேணும் மாப்ள? சும்மா உக்காருங்க!”

கூட வந்திருந்த தையல்காரரின் மனைவி, சத்தம் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். மூவரும் காதுமூடி மாட்டிக்கொண்டார்கள். மச்சான் ரிமோட்டைத் தையல்காரருக்கு அருகே தரையில் வைத்து, வேகக் குச்சியை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டு, முன்னால் போய் மண்டியிட்டார்.

நடந்த பிழை பிறகுதான் தெரிந்தது. அவருடைய எல்லா விமானங்களுக்கும் அந்த ஒரே ரிமோட். எந்த விமானம் என்று முதலில் அதில் மாற்றிக்கொள்ள வேண்டும். முந்தின நாள் சின்னதைப் பறக்கவிட்டவர், சத்தம் சத்தம் என்ற கவலையில் மாற்ற மறந்துவிட்டார். சின்னதுக்குக் குச்சி வேலை செய்யும் திசை இதற்கு நேர் எதிர். அடிமட்டம் என்று அவர் நினைத்தது முழு வேகம்.

விசிறியைத் தட்டினார். என்ஜின் இருமியது. மறுபடி தட்டினார்.

காதுமூடியையும் மீறிக் காது கிழிந்தது. வால் தையல்காரரின் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுக்க ஒரு கையை விட்டாலும் அது போய்விடும். எதிரே மச்சான் பதறிப் பின்வாங்கி, கால் இடறி மல்லாக்க விழுந்தார். விசிறிக்கும் அவர் செருப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஓரமாக உருண்டால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் அவர் உருளவில்லை. கூண்டின் மேல் நின்று டீ குடிக்கிற மனிதர், முகத்தில் ஈயாடாமல் கிடந்தார்.

“உருளுங்க மச்சான்!” என்று தையல்காரர் கத்தினார். அது அவருக்கே கேட்கவில்லை. அளக்கும் கருவியின் எண்ணைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. தையல்காரரின் முழங்கால்கள் சிமெண்டில் உரசிக்கொண்டு நகர்ந்தன. ஒரு விரல் அகலம். இன்னும் ஒரு விரல் அகலம். மச்சானின் செருப்பு அங்கேயே இருந்தது. அதற்கு மேல் பார்க்கத் தையல்காரருக்குத் தெம்பில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பிறகு அவருக்குக் கைகள் மட்டும்தான் இருந்தன. வாலின் விளிம்பு விரல்களை அறுத்தது. விடக்கூடாது, விடக்கூடாது என்று அவர் அழுதுகொண்டிருந்தார். முழங்கால் இன்னும் நகர்ந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை.

சட்டென்று எல்லாம் நின்றது.

அந்த அமைதிதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. இது தானாக நிற்காது. எதிலாவது மோதித்தான் நிற்கும். எதில் மோதியது என்று நினைக்கவே பயந்தார். யாரோ அவர் காதுமூடியைக் கழற்றினார்கள். மனைவி விக்கி விக்கி அழும் சத்தம் கேட்டது.

“உங்கண்ணன்?” என்றார். மனைவி இன்னும் அழுதார். “சொல்லும்மா... உங்கண்ணன் இருக்காரா?”

“என்ஜின் சுவிட்சை நாந்தான் அணைச்சேங்க...” என்றார் மனைவி. மறுபடி அழுகை பொங்கியது.

தையல்காரர் கண்ணைத் திறக்கவில்லை. கைகளும் வாலைவிட்டு வரவில்லை, மரத்துப்போயிருந்தன. நடுங்கும் விரல்கள் சில அவர் கையைத் தொட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தன. மனைவியாக இருக்கும் என்று நினைத்தார். “விடமாட்டேன்” என்று இன்னும் இறுக்கினார்.

“விடுங்க மாப்ள” என்றது ஒரு குரல். “கண்ணைத் திறந்து பாருங்க. உங்க விரலைப் பிரிச்சிக்கிட்டிருக்கிறது நான்தான்.”